மேடு கண்டால் ஓடு!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு பெங்களூரு பிரேசர் டவுனில் நடமாட்டம் குறைவு. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். ஓட்டக் காலணியும் தண்ணீர் பாட்டிலுமாக வாசலில் காருக்குக் காத்து நிற்பவர்கள் இன்னொரு பக்கம். காத்து நிற்பவர்கள் போகிற இடம் பெரும்பாலும் நந்தி மலைதான். சுமார் 60 கி.மீ. பயணம். கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் உச்சி. அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் தார்ச்சாலை ஏறக்குறைய 8 கி.மீ.

அப்படிப் போனவர்களில் பலர் மூன்றாவது கிலோமீட்டரிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிடுகிறார்கள். மீதி தூரத்தை நடந்தே முடித்துவிட்டு, உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, “மலை நமக்குச் சரிப்படாது” என்று திரும்பி வருகிறார்கள். வாரம் முழுக்கக் கோல்ஸ் பார்க்கையும் அல்சூர் ஏரிக்கரையையும் சுற்றிச் சமதளத்தில் ஓடிவிட்டு, மாதம் ஒருமுறை மட்டும் மலையைச் சந்தித்தால் வேறென்ன நடக்கும்? ஏற்றத்தில் ஓடப் பழக வேண்டிய இடம் வீட்டுப் பக்கத்து மேடு. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் போதும். அங்கே பழகியதைத்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

“இங்கே எங்கே மேடு?” என்று கேட்கலாம். 1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கிய பிறகு, நெரிசல் இல்லாத, காற்றோட்டமான குடியிருப்புகள் வேண்டும் என்று தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியில் திட்டமிட்டு எழுப்பப்பட்டவற்றில் ஒன்று பிரேசர் டவுன். 1910-ல் உருவானது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியது. அரசு ஏடுகளில் புலிகேசி நகர் ஆகி வெகுகாலமாகிவிட்டது. நம் வாயில் இன்னும் பிரேசர் டவுன்தான். காரிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்களுக்கு ஊர் தட்டையாகத்தான் தெரியும். ஓடுகிற காலுக்குத்தான் உண்மை தெரியும். சுமார் 920 மீட்டர் உயரப் பீடபூமியில் இருக்கும் இந்த நகரத்தின் ஏரிகளெல்லாம் பள்ளத்தில் இருப்பவை. அல்சூர் ஏரியை நோக்கிப் போகும்போது கால் தானாக ஓடும். திரும்பி வரும்போது கனக்கும். 2008-ல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும் பெங்களூரு வேர்ல்டு 10கே பந்தயத்தில் அல்சூர் பக்கம் ஓடியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதுபோக, ரயில் பாதையைத் தாண்டும் பாலங்கள் இருக்கின்றன. மாருதி சேவா நகர் பக்கத்து ஐ.டி.சி. மேம்பாலம் ஓர் உதாரணம். பாலம் வேண்டாம் என்றால், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து வெளியே ஏறும் ரேம்ப் இருக்கவே இருக்கிறது.

ஒரு சரிவு எவ்வளவு செங்குத்து என்று அறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும், ஓர் அளவு நாடாவும் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் ஊன்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறதோ, அத்தனை சதவீதச் சரிவு. மேம்பாலங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு சதவீதம்தான் வரும். பார்க்கிங் ரேம்ப் பத்துக்கு மேல்கூடப் போகும். நந்தி மலைச் சாலை சராசரியாக ஐந்து, ஆறு சதவீதம். உச்சியை நெருங்கும்போது அதைவிடக் கடுமை.

கடிகாரம் சொல்லாத கணக்கு

ஏற்றத்தில் தோற்பவர்களில் பெரும்பாலோர் கால் வலுவில்லாமல் தோற்பதில்லை. சமதளத்து வேகத்தை விட மனமில்லாமல் தோற்கிறார்கள். கையிலிருக்கும் கடிகாரம் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று காட்டிப் பழகிவிட்டது. மேட்டில் அது ஏழு, எட்டு என்று ஏறினால் மானம் போவதுபோல் தோன்றுகிறது. விரட்டுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது.

இத்தாலிய உடலியல் ஆய்வாளர் ஆல்பெர்டோ மினெட்டி தன் குழுவினரோடு மலை ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, ஒவ்வொரு சரிவிலும் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று அளந்து 2002-ல் வெளியிட்டார். இன்று ஓட்டக் கடிகாரங்களும் செயலிகளும் போடுகிற ஏற்றக் கணக்குகளில் பலவற்றுக்கு அந்த மாதிரி அளவீடுகள்தான் அடிப்படை. அவருடைய சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்த்தால், ஐந்து சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சமதளத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. பத்து சதவீத ஏற்றத்தில் 65 சதவீதத்துக்கும் மேல். அதாவது, கோல்ஸ் பார்க்கில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் ஓடுகிறவர், அதே உழைப்பில் ஐந்து சதவீத மேட்டில் ஏழே முக்கால் நிமிடத்துக்கு மேல்தான் ஓட முடியும். பத்து சதவீதத்தில் கிட்டத்தட்ட பத்து நிமிடம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. உடலின் கணக்கு இது.

இறங்கும்போது இந்த இழப்பை மீட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஐந்து சதவீத இறக்கத்தில் மிச்சமாவது 24 சதவீதம் அளவுதான். ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாலும் நஷ்டம்தான். மேடு பள்ளமான பாதையில் சமதளத்து நேரத்தை எதிர்பார்க்கிறவர்கள் முதலிலேயே கணக்கில் தப்பு செய்கிறார்கள்.

பாலத்தில் அடிக்கடி கண்ணில் படும் இருவர் உண்டு. ஒருவர் அறுபதைத் தாண்டியவர், இன்னொருவர் ஐ.டி. கம்பெனி இளைஞர். “அண்ணே, பாதியிலயே மூச்சு போயிடுதுண்ணே” என்றார் இளையவர். “வாட்சைக் கழட்டிப் பாக்கெட்ல போடு தம்பி. ஒரு வாக்கியம் முழுசா பேச முடியுதான்னு பாரு. முடியலேன்னா மெதுவா ஓடு” என்றார் பெரியவர். உலகத்துப் பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்வதும் இதைத்தான். ஏற்றத்தில் அளவுகோல் மூச்சு. நீண்ட ஏற்றமென்றால் நாலைந்து சொற்களாவது தடையின்றிப் பேச வர வேண்டும். வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

உடம்பை எப்படி வைத்துக்கொள்வது?

களைத்தவர்கள் மேட்டில் செய்யும் முதல் காரியம் இடுப்பில் மடிவது. தலை குனிந்து, கண் காலடியைப் பார்க்க, வயிறு அழுந்த ஓடுகிறார்கள். மூச்சுப்பை விரிய இடமில்லாமல் போகிறது. பின்தொடைத் தசையும் பிட்டத் தசையும் வேலை செய்ய முடியாமல் போகின்றன. மேட்டில் சற்று முன்சாய்வு வேண்டும்தான். ஆனால் அந்தச் சாய்வு கணுக்காலில் இருந்து தொடங்க வேண்டும். கணுக்கால், இடுப்பு, தோள், காது நான்கும் ஒரே கோட்டில் இருக்கட்டும். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். உச்சியைப் பார்க்கவே வேண்டாம்.

எட்டு சுருங்க வேண்டும். அடிகளின் எண்ணிக்கை குறையக் கூடாது. சமதளத்தில் நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறவர் மேட்டிலும் 170 அடி வைக்கட்டும், ஒவ்வொரு அடியும் குட்டையாக. நீட்டி வைக்கிற எட்டில் கால் உடம்புக்கு முன்னால் போய் விழுகிறது. அப்புறம் முழு எடையையும் அந்தக் காலுக்கு மேலே இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாதத்தின் முன்பகுதியோ நடுப்பகுதியோ முதலில் தொட்டு, குதிகால் மெல்லத் தரையை முத்தமிட்டு எழட்டும். குதிகால் படாமலே முழு மேட்டையும் ஏறுகிறவர்களுக்குக் கெண்டைக்கால் தசை சீக்கிரம் இறுகிப்போகும்.

கையை மறந்துவிடுகிறோம். முழங்கை மடங்கியபடி பின்னோக்கி வலுவாகப் போனால், எதிர்ப்பக்கக் கால் தானாக எழும். கைகள் நெஞ்சின் குறுக்கே ஆடினால் உடம்பும் பக்கவாட்டில் ஆடும், ஆற்றல் வீணாகும். விரல்களை முஷ்டியாக இறுக்க வேண்டாம்.

உச்சியைத் தொட்டதும் நின்றுவிடுவது பொதுவான பழக்கம். சரிவு முடிந்த பிறகும் இருபது, முப்பது மீட்டர் அதே உழைப்பில் ஓடிவிட்டு மூச்சு விடுங்கள். பந்தயத்தில் எல்லோரும் தளரும் அந்த இடத்தில்தான் நான்கு பேரைத் தாண்ட முடியும்.

ஆக்லாந்திலிருந்து ஊட்டி வரை

மேட்டை ஒரு பயிற்சிமுறையாக்கிய பெருமையில் பெரும்பங்கு நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டுக்கு உண்டு. ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் மேலேயே சோதனை செய்து, நகருக்கு வெளியே மலைப்பாதையில் 22 மைல் சுற்றை ஓடி ஓடி, ஒரு முறையை உருவாக்கினார். முதலில் பல வாரங்கள் மெதுவான நீண்ட ஓட்டம், பிறகு சில வாரங்கள் மேட்டில் துள்ளித் துள்ளி ஏறும் பயிற்சி, அதன் பிறகே தடகள மைதானத்தில் வேகம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். 800 மீட்டர் ஓடுகிறவனுக்கு 22 மைல் மலை ஓட்டம் எதற்கு என்று கேட்ட உலகம் அதன் பிறகு கேட்கவில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், இந்தியாவின் நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கான பயிற்சி முகாம்கள் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் நடந்திருக்கின்றன. 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற ஜி. லட்சுமணன் புதுக்கோட்டைக்காரர். தட்டையான வறண்ட பூமியில் பிறந்த கால்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை என்பேன்.

நமக்கு ஒலிம்பிக் வேண்டாம். மூச்சு வாங்காமல் நந்தி ஏறினால் போதும். அதற்கு வாரத்தில் ஒரே ஒரு மேட்டுப் பயிற்சி. முதல் மாதம் மிகக் குட்டையான ஓட்டம்: பார்க்கிங் ரேம்ப் போன்ற செங்குத்தான சரிவில் எட்டுப் பத்து நொடி முழு வேகம், பிறகு மெதுவாக நடந்து இறங்கி, மூச்சு முழுதாகத் தணிந்த பின் அடுத்தது. நாலில் தொடங்கி எட்டு வரை போகலாம். இவ்வளவு சிறிய ஓட்டம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஜிம்மில் எடை தூக்குவது போன்ற வலுவை இது காலுக்குத் தரும். சமதளத்து முழுவேக ஓட்டத்தைவிடப் பின்தொடைத் தசை கிழியும் அபாயமும் குறைவு, ஏனென்றால் மேடு வேகத்தைத் தானே கட்டுப்படுத்திவிடுகிறது.

இரண்டாவது மாதம் மேம்பாலம். ஓட்டக்காரர்கள் ‘ஹில் ரிப்பீட்’ என்று சொல்வது இதைத்தான். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஏறி, மெல்ல இறங்கி, மீண்டும் ஏறுவது. நாலு முறையில் தொடங்கி எட்டு வரை. கடைசி ஏற்றத்துக்கான நேரம் முதல் ஏற்றத்தின் நேரத்தைவிடக் கூடவே கூடாது. கூடினால் தொடக்கத்தில் விரட்டியிருக்கிறீர்கள். மூன்றாவது மாதம்தான் நந்தி. அங்கேயும் முதல் தடவை முழு மலையும் வேண்டாம். பத்து நிமிடம் ஏறி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி பத்து நிமிடம். உச்சி எங்கும் போய்விடாது.

பாலத்துக்குக்கூட வழியில்லாதவர்கள் டிரெட்மில்லில் சரிவை ஏற்றிக்கொள்ளலாம், மாடிப்படி ஏறலாம். டிரெட்மில்லில் ஏறும் பயிற்சி கிடைக்கும், இறங்கும் பயிற்சி கிடைக்காது. அதுதான் அதன் குறை.

நடப்பதும் ஓட்டத்தில் சேர்த்தி

ஓட்டப் பந்தயத்தில் நடப்பதைத் தோல்வியாக நினைக்கிற மனப்பான்மையை முதலில் ஒழிக்க வேண்டும். மலை ஏறுவது தமிழர்களுக்குப் புதிதா என்ன? பழனிக்கு 693 படி, திருமலைக்கு அலிபிரி பாதையில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், நம் பக்கத்து மைசூரு சாமுண்டி மலைக்கு ஆயிரத்தெட்டு. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை மூங்கில் கழி ஊன்றி ஏறுகிற பக்தர்களைப் பாருங்கள். குட்டையான எட்டு, மாறாத தாளம், செங்குத்தான இடத்தில் தொடையில் கை ஊன்றி எடையைப் பகிர்வது. ஆல்ப்ஸ் மலை ஓட்டக்காரர்கள் விலையுயர்ந்த கார்பன் கழிகளோடு செய்கிற அதே வேலையை நம் பாட்டிமார் வெறுங்காலோடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2016-ல் வெளியான ஆய்வில், மிகச் செங்குத்தான டிரெட்மில்லில் நடப்பதையும் ஓடுவதையும் ஒப்பிட்டார்கள். மேலே ஏறும் வேகம் ஒன்றாகவே இருந்தால், ஏறக்குறைய 16 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓடுவதைவிட நடப்பதற்குச் செலவாகும் ஆற்றல் குறைவு. படிக்கட்டுகள் பெரும்பாலும் அதைவிடச் செங்குத்தானவை. அதனால் சாமுண்டிப் படிகளில் நடப்பவரைப் பார்த்து இளக்காரம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் பந்தயத்தில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் போகும் ஆண்டுகளில், ஊரை நெருங்கும்போது வருகிற பாலி ஷார்ட்ஸ் மேட்டில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே ஏறிப் பதக்கம் வாங்குகிறார்கள். அங்கே போய் ஓடுகிற இந்தியர்களும் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

காயம் இறக்கத்தில்

ஏறும்போது மூச்சு வாங்கும். உடையக்கூடியது எதுவும் அதிகம் இல்லை. பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி மேட்டில் குறைகிறது. இறக்கத்தில் நேர்மாறு. ஜின்ஜர் காட்ஷால், ரோஜர் கிராம் இருவரும் 2005-ல் வெளியிட்ட அளவீட்டில், 9 பாகை இறக்கத்தில் அந்த மோதல் விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 சதவீதம் அதிகம். முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருப்பதால், தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும். நந்தியில் உற்சாகமாக இறங்கி ஓடியவர்கள் செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவது இதனால்தான். ஒருமுறை அளவாக இந்த வேதனையைப் பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை எளிதாகத் தாங்கும். ஆகவே இறக்கத்தையும் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். பின்னால் சாயாமல், எட்டைக் குறுக்கி, காலடி ஓசை கேட்காதபடி இறங்குங்கள். ஓசை பெரிதானால் முட்டி அடி வாங்குகிறது என்று பொருள்.

மேட்டில் உடம்பின் ஒரு பகுதிக்கு மட்டும் கவனம் வேண்டும்: குதிகாலுக்கு மேலே, கயிறு மாதிரி கைக்குத் தட்டுப்படும் தசைநார். காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது அங்கே பிடித்தால், அந்த வாரம் மேடு வேண்டாம். இந்த வலிக்கு ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998-ல் வெளியிட்ட பயிற்சி இன்றும் பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தருவது. மாடிப்படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதி மட்டும் பதிய நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் எம்பி, எடையை ஒரு காலுக்கு மாற்றி, அந்தக் குதிகாலை மெதுவாகப் படியின் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். ஏறும்போது மறுகால் உதவட்டும். இறங்கும்போது மட்டும் ஒற்றைக்கால். பதினைந்து தடவையாக மூன்று சுற்று, காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். அவருடைய ஆய்வில் கலந்துகொண்ட 15 ஓட்டக்காரர்களும் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு ஓடத் திரும்பினார்கள். வலி இல்லாதவர்கள் இதையே கொஞ்சமாகச் செய்துவந்தால், வரும் முன் காக்கலாம்.

நோன்பு மாதத்தில் நம் பகுதியில் ஓடுகிறவர்கள் பலர் இப்தாருக்குப் பிறகு ஓடுகிறார்கள். மேட்டுப் பயிற்சியை அந்த மாதம் பாதியாக்கிக்கொள்ளலாம். தண்ணீர் குடித்துச் சில மணி நேரம் கழித்துச் செய்யலாம். வெறும் வயிற்றில், நாவறட்சியோடு மேடு வேண்டவே வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சிறு வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், முதல் மேட்டுக்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஏற்றத்தில் இதயத் துடிப்பு சமதளத்தைவிட மிக வேகமாக உச்சத்துக்குப் போகும். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, தலை சுற்றல் எது வந்தாலும் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

கடைசியாக மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கை. நம் பகுதியில் ஓடுகிறவர்கள் மேட்டுக்காகப் பாலத்தை நாடும்போது வாகனங்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது. அதே பாலத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் இருட்டில் நடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பையைச் சுமந்து ஏறுகிறார்கள். மேம்பாலங்களின் இருபுறமும் ஆள் நடக்கும் அகலத்துக்கு உடையாத நடைபாதையும், விடியும்வரை எரிகிற விளக்கும் வேண்டும். அதுவரை ஓடுகிறவர்கள் வாகனங்களை எதிர்கொண்டு, வெளிர்நிறச் சட்டையோடு, காதில் பாட்டு இல்லாமல் ஓடுங்கள்.